வேலியில் ஒரு பொட்டு

அயலவனுடைய வேலியில் ஆள் நுழையத்தக்க இடைவெளி ஒன்று விழுந்திருப்பதை இரவில் வழிப்போகும் ஒருவன் காண்கின்றான். அவன் செய்யத்தக்கது யாது? வளவுக்கு உடையவனைத் தட்டியெழுப்பி அவனுக்கு மட்டும் சொல்வதா? நாற்சந்தியில் நின்று ஊர் கேட்கக் கூவுவதா? வேலி அடைபடும்வரை வாய்திறவாதிருப்பது பண்பா, பாதகமா? சிறுவர்க்கான கதைக் கேள்விபோல இது தோன்றலாம். ஆயின், 2017ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உலகின் மிகப் பெரிய கம்பெனிகள் சிலவற்றின் முன் இதே கேள்வி எழுந்தது. அவை கண்ட விடை நீதியானதுதானா என்று ஆராய்வதே எம் நோக்கம்.

சண்டிலிப்பாயில் வாழும் எமக்கு வேலி புதிய பொருளன்று. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நிற்க, கிடுகோ பனையோலையோ வைத்து வரிந்து கட்டிய வேலிகளை அறிந்தவர்கள் நாம். இன்று பல ஒழுங்கைகளில் மதில்கள் எழுந்துவிட்டன, தகரமும் வந்துவிட்டது. எனினும், வேலி அடைத்தல் என்பது எம் பெற்றோர்க்கு ஆண்டுதோறும் வந்துசேரும் கடமையாக இருந்தது. வேலியில் விழும் இடைவெளியை நாம் பொட்டு என்போம். பொட்டுக்கு இரு குணங்கள் உண்டு. அயல்வீட்டு ஆச்சி ஒரு பிடி உப்புக்கு வந்துபோனதும் அதனூடாகத்தான். கட்டாக்காலி மாடு புகுந்து பயிரைத் தின்றதும் அதனூடாகத்தான். வேலியைப் பற்றிப் பேசுவோர் இவ்விரண்டையும் மறத்தலாகாது.

இக்கேள்வி எம் மனத்தில் எழுந்த இடம் ஒரு பாடசாலையின் கணினி அறை. விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொப்ட் கம்பெனி வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் சக ஆசிரியர் அதன் பொருளை மாணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இனி இதில் பொட்டு விழுந்தால் வழமைபோல் அடைத்துத் தர ஆளில்லை என்றார் அவர். தமிழ்ப் பாடத்தை முடித்துக்கொண்டு வாயிலில் நின்ற எம் செவியில் அந்தச் சொல் நன்றாக விழுந்தது. அப்போது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், வேலி எண்டாலே ஆரையோ வெளியில நிப்பாட்டுறதுக்குத்தானே? பொட்டு விழுந்தா நல்லதுதானே?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எம்மால் சிரிக்க இயலவில்லை. அவன் கேட்டது நகைப்புக்குரிய கேள்வியன்று.

அதற்கு விடை கூறுமுன், வேலி எதற்கு, பொட்டு எப்படி விழுந்தது என்பவற்றைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

கணினியின் நினைவகம் ஒரு பெரிய வளவு. அதில் ஒரே வேளையில் பல செய்நிரல்கள் குடியிருக்கின்றன. ஒன்று கடிதம் எழுத உதவும். ஒன்று படம் காட்டும். ஒன்று வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கும். இவற்றுள் ஒன்று மற்றொன்றின் காணிக்குள் எட்டிப் பாராதபடி காப்பது, பணிசெயல் முறைமையின் நடுவிலுள்ள 'கேர்னல்' எனப்படும் கருப்பகுதியின் பொறுப்பு. அக்கரு தன்னிடம் ஒரு பதிவேட்டினை வைத்திருக்கின்றது. ஒல்லாந்தர் காலத்துக் காணித் தோம்பினை இங்கு நினைவுகூரலாம். இந்தத் துண்டு இன்னாருக்கு, அந்தத் துண்டு கருவுக்கு மட்டுமே என்ற குறிப்புகள் அதில் இருக்கும். கணக்கிடும் உறுப்பாகிய புரொசசர் அத்தோம்பினைப் பார்த்தே ஒவ்வொரு கதவையும் திறக்க வேண்டும். வேகம் கருதி, கருவின் காணிகளும் ஒவ்வொரு குடியிருப்பாளனுடைய தோம்பிலும் எழுதப்பட்டே வந்தன. 'இதற்குள் உனக்கு அனுமதி இல்லை' என்ற ஒரு குறி மட்டுமே அங்கு காவலாக நின்றது.

ஆயின் புரொசசர் பொறுமையற்றது. அனுமதி உண்டா என்ற விசாரணை முடியுமுன்னரே அது அடுத்த வேலைகளைச் செய்யத் தொடங்கிவிடும். 'இல்லை' என்று விடை வந்தால் செய்தவற்றை அழித்துவிடும். அழித்துவிட்டபடியால் தீங்கில்லை என்று பல்லாண்டுகளாக நம்பப்பட்டது. உண்மையில், அழியாத தடம் ஒன்று எஞ்சியது. அத்தடம் பதுக்கு நினைவகத்தில் இருந்தது.

எம் குடாநாட்டார் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமக்கில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் நீரே எம் வாழ்வு. வளவுக்கு வளவு வேலி உண்டு. கிணற்றுக்குக் கிணறு கட்டு உண்டு. அடியிலுள்ள நீரோ பொதுவானது. பக்கத்துத் தோட்டத்தில் இயந்திரம் பூட்டி நெடுநேரம் இறைத்தால், எம் கிணற்று நீரும் தாழக்கூடும். நீர்மட்டத்தைக் கூர்ந்து கவனிப்பவன் வேலியை எட்டிப் பாராமலே அயலவன் இன்று இறைத்தானா இல்லையா என்பதை ஊகித்துவிடுவான். பதுக்கு நினைவகம் அந்த அடிநீர் போன்றது. எந்தத் தரவு விரைவாக வருகின்றது, எது தாமதித்து வருகின்றது என்று நேரத்தை நுட்பமாக அளப்பவன், தனக்கு உரிமையில்லாத இரகசியத்தை எழுத்தெழுத்தாகச் சேர்த்துவிடலாம். 'மெல்ட்டவுன்' என்று பெயர்பெற்ற இக்குறையைப் பயன்படுத்திக் கருவின் நினைவகத்தை நொடிக்கு 503 கிலோபைட் வரையில் வாசிக்க முடிந்ததாகக் கண்டறிந்தோர் எழுதினர். 1995 முதல் வந்த இன்டெல் புரொசசர்களுள் மிகப் பெரும்பாலானவை இக்குறைக்கு ஆட்படக்கூடியவை என்றும் கூறினர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேகமே விலைபோயிற்று. வேகத்துக்காக எதைப் பணயம் வைத்தோம் என்று பார்க்கச் சந்தை எவரையும் வற்புறுத்தவில்லை.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். வேலி என்றால் அது விலக்கி வைப்பதற்கே என்று அவன் எண்ணியதில் வியப்பில்லை. இம்மண்ணில் பொதுக் கிணற்றில் அள்ளும் உரிமையைச் சாதியின் பெயரால் மறுத்த வேலிகள் இருந்தன. தீண்டாமைக்கு எதிராக 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது அத்தகைய வேலிகளைத் தகர்ப்பதற்காகவே. அந்த வேலிகளில் விழுந்த ஒவ்வொரு பொட்டும் மனிதகுலத்தின் வெற்றி. அவற்றை அடைக்க முனைவோர் எம் நண்பராகார்.

எனினும் எல்லா வேலிகளும் ஓரினத்தன அல்ல. பொதுவில் உள்ளதிலிருந்து மனிதரை ஒதுக்கும் வேலி ஒன்று. ஒருவருக்கு மட்டுமே உரியதைப் பிறர் பறியாதபடி காக்கும் வேலி மற்றொன்று. வெளிநாட்டில் உழைக்கும் மகன் அனுப்பும் பணத்தைப் பெறுவதற்காகக் கடையொன்றின் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டச்சிடும் தாய்க்கு இருப்பது இரண்டாம் வகை வேலி. அவளிடம் காவற்காரன் இல்லை, வழக்கறிஞர் இல்லை. நினைவகத்தைச் சுற்றி நிற்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலியே அவளுக்குள்ள முழுப் பாதுகாப்பு. வலியவனுக்கு வேலியில்லாவிடினும் நாய் உண்டு, ஆள் உண்டு. எளியவனுக்கு வேலி விழுந்தால் எல்லாம் விழுந்தன. ஆகவே அந்த வேலியை அடைப்பது எம் அணியைச் சேர்ந்தோரும் அக்கறை கொள்ளவேண்டிய பணி என்று துணிந்து கூறுவோம்.

அடைத்தோர் எவ்வாறு அடைத்தனர்? கூகிள் கம்பெனியின் ஆய்வாளரான யான் ஹோர்ன் என்னும் இளைஞர் கண்டவை 2017 ஜூன் 1ஆம் நாள் புரொசசர் ஆக்கும் கம்பெனிகளுக்குத் தெரிவிக்கப்பட்டன. ஒஸ்திரியாவின் கிராஸ் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தாரும், ஜேர்மனியின் சைபரஸ் என்ற நிறுவனத்தாரும் தனித்தனியே அதே குறையைக் கண்டனர். கிராஸ் ஆய்வாளர் அவ்வாண்டின் நடுவிலேயே வேறொரு தேவைக்காக ஒரு முறையை வெளியிட்டிருந்தனர். 'கைசர்' என்ற அம்முறை, கருவின் காணிகளைக் குடியிருப்பாளனுடைய தோம்பிலிருந்தே பெரும்பாலும் நீக்கிவிடும். கருவுக்கென வேறொரு முழுத் தோம்பு இருக்கும். எழுதப்படாத காணியை எவ்வளவு அவசரக்காரப் புரொசசராலும் எட்டிப் பார்க்க இயலாது. லினக்ஸ் கருவைப் பேணுவோர் அம்முறையைச் செப்பனிட்டு, 2017 டிசம்பர் இறுதியில், பிறர் நத்தார் விடுமுறையில் இருந்த வேளையில், தம் கருவிற் சேர்த்தனர். 2018 ஜனவரி 9ஆம் நாள் அறிவிப்பதாக இருந்த செய்தி, ஜனவரி 3ஆம் நாளே உலகுக்கு வெளியாயிற்று. காரணம் சொல்லப்படாத அந்த அவசரத்தைக் கண்டு வெளியார் ஊகித்துவிட்டமையே அதற்குக் காரணம். திறந்த முற்றத்தில் வேலை செய்வோர் தம் பரபரப்பை மறைக்க இயலுமா?

ஆக, ஏழு மாத மௌனம். இம்மௌனம் குற்றமா?

உடனே ஆம் என்று சொல்ல எம் நா விரைகின்றது. மக்களைப் பாதிக்கும் உண்மையை மக்களிடமிருந்து மறைத்தல் ஆள்வோரின் வழக்கமென்று நாம் பலமுறை எழுதியுள்ளோம். எனினும் எண்ணிப் பார்ப்போம். அடைக்கக் கிடுகு இல்லாதபோது பொட்டினைப் பறைசாற்றினால், முதலில் ஓடி வருபவன் உடையவனா, கள்வனா? திருத்தம் ஆயத்தமாகாத நிலையில் இக்குறையை அறிந்து அந்தத் தாய் என்ன செய்திருப்பாள்? கணினியைத் தொடாதிருப்பதைத் தவிர அவளால் எதுவும் செய்ய இயலாது. ஆதலின், பழுதுபார்க்கும் காலத்துக்கு மட்டும் உரிய மௌனத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை.

இங்கே எம் அயலூர்ச் செய்தி ஒன்று வழிகாட்டுகின்றது. சுன்னாகத்தில் மின் நிலையப் பகுதியின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்து, சூழவுள்ள கிணறுகளைக் கெடுத்தது. அந்நீர் குடிக்கத்தக்கதா என்பது பற்றி முரண்பட்ட செய்திகள் நெடுங்காலம் உலாவின. இறுதியில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் கம்பெனியைப் பொறுப்பாளியாகக் கண்டு, பாதிக்கப்பட்டோருக்கென 2 கோடி ரூபா செலுத்தப் பணித்தது. இந்த நிகழ்ச்சியில் ஒரு நாள் மௌனத்துக்கேனும் நியாயம் உண்டா? இல்லை. ஏனெனில், கிணறு கெட்டது என்று அறிந்தவன் அன்றே குடிப்பதை நிறுத்தலாம். பிள்ளைக்கு வேறு நீர் தேடலாம். அவ்வறிவினால் தீயோன் எவனும் பயனடையான்.

இரண்டையும் ஒப்புநோக்கும்போது ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. அறிவதனால் தன்னைக் காத்துக்கொள்ளக் கூடியவனிடமிருந்து உண்மையை மறைத்தல் அநீதி. அறிவதனால் எவரும் தம்மைக் காக்க இயலாது, கள்வன் மட்டுமே பயன் பெறுவான் என்ற நிலையில், குறித்த காலத்துக்கு மௌனம் காத்தல் தகும். அப்போதும் அது மௌனம் காப்போரின் சொத்து ஆகாது. சொல்லப்படாதோரின் பேரால் ஒப்படைக்கப்பட்ட நம்பிக்கைப் பொருள் அது.

இவ்வளவுகோலை மெல்ட்டவுன் நிகழ்ச்சியில் வைத்துப் பார்த்தால் என்ன காண்கின்றோம்? பெருங்கம்பெனிகள் மாதக்கணக்கில் முன்னரே அறிந்து தம் சேவையகங்களைக் காத்துக்கொண்டன. அதே புரொசசர்களை வைத்துத் தொழில் செய்த சிறு நிறுவனங்கள் பல, ஊரோடு ஊராகச் செய்தித்தாளில் படித்தே அறிந்தன. இலவசமாக வழங்கப்படும் பிரீபிஎஸ்டி பணிசெயல் முறைமையைப் பேணுவோருக்கு டிசம்பர் இறுதியிலேதான் சொல்லப்பட்டது. ஓபன்பிஎஸ்டி குழுவினருக்கு முன்னறிவிப்பே இல்லை. இவர்கள் கள்வரா? இவர்களும் தம் குடிகளுக்காக வேலி அடைப்போரே. அறிந்திருந்தால் அடைத்திருக்கக் கூடியோரே. அவர்களை விலக்கிய மௌனத்துக்குப் பாதுகாப்பு என்று பெயரிடலாகாது, அது சலுகை. ஒழுங்கையில் உள்ள பத்து வீட்டுக்கும் ஒரே காற்று வேலியைச் சாய்த்திருக்க, கல்வீட்டுக்காரருக்கு மட்டும் இரவோடிரவாகச் சொல்லிவிட்டுக் குடிசைகளை விடியும்வரை உறங்கவிட்டதை ஒத்தது.

இத்தகைய மௌனம் அநீதியானது என்பதோடு, வேலையையும் கெடுத்தது. மெல்ட்டவுனுடன் வெளிப்பட்ட அதன் உடன்பிறப்பான 'ஸ்பெக்டர்' என்ற குறையைத் திருத்தும்போது, லினக்ஸை வழங்கும் கம்பெனிகள் தம்முள் பேசிக்கொள்ளாதபடி இன்டெல் கம்பெனி அவற்றைப் பிரித்து வைத்ததாக, லினக்ஸ் கருவைப் பேணுவோருள் முன்னவரான கிரெக் குரோவா ஹார்ட்மன் 2018 ஓகஸ்டில் வெளிப்படையாகக் குறைகூறினார். ஒவ்வொருவரும் தனித்தனியே இருட்டில் கிடுகு கட்டினர்.

மைக்ரோசொப்டின் அனுபவம் இதிலும் கொடியது. விண்டோஸ் 7இன் 64 பிட் வடிவத்துக்கு 2018 ஜனவரியில் அக்கம்பெனி விடுத்த மெல்ட்டவுன் திருத்தத்தில், தோம்பின் ஒரேயொரு குறி தவறாக இடப்பட்டுவிட்டது. கருவுக்கு மட்டும் என்றிருக்க வேண்டிய இடத்தில், யாவர்க்கும் என்றாயிற்று. விளைவாக, தோம்பினையே எச்செய்நிரலும் வாசிக்கவும் திருத்தவும் முடிந்தது. தோம்பினை எழுதக் கூடியவனுக்கு எக்காணிதான் சொந்தமாகாது? பழைய பொட்டு ஒருவன் கண்வைத்துப் பார்க்கும் அளவினது. புதியதோ வண்டி போகும் படலை. மார்ச்சில் உல்ஃப் பிரிஸ்க் என்ற ஆய்வாளர் இதனை வெளிப்படுத்தினார். மார்ச் 29இல் மற்றொரு திருத்தம் வந்தது. அடைப்பவனின் கைத்தவறும் ஒரு பொட்டு ஆகலாம். அத்தவறினைப் பிறர் கண்டு சொல்ல இடம் இருத்தல் வேண்டும். பூட்டிய அறையில் செய்த வேலையைக் கண்டு சொல்ல ஆளில்லை.

இனி, யாரும் உரத்துப் பேசாத ஒரு கணக்கு உண்டு. இந்தத் திருத்தத்தின் கூலியைக் கொடுத்தவர் யார்? இரு தோம்புகளை மாற்றி மாற்றிப் புரட்டுவதற்கு நேரம் ஆகும். அதனால் கணினி மெதுவாகும். புதிய புரொசசர்களில் அத்தாமதத்தைக் குறைக்கும் வசதி உண்டு. பழையவற்றில் அது அரிது. 2018 ஜனவரி 9ஆம் நாள் மைக்ரோசொப்ட் இதனை மறையாது கூறியது: 2016ஆம் ஆண்டளவிலான கணினிகளில் மாற்றத்தைப் பெரும்பாலோர் உணரமாட்டார், 2015ஆம் ஆண்டளவிலோ அதற்கு முன்னரோ வந்த கணினிகளில் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றைப் பயன்படுத்துவோருட் பெரும்பாலோர் வேகக் குறைவை உணர்வர். பழைய கணினிகள் எங்கே இருக்கின்றன? எம் பாடசாலைகளிலும், கிராமத்து நூல் நிலையங்களிலும், ஒருவர் கழித்ததை மற்றொருவர் வாங்கிப் பயன்படுத்தும் வீடுகளிலும் இருக்கின்றன. தவறு செய்தது வேகத்தை விற்ற கம்பெனி. வேகத்தை இழந்தவர் அதனை மிகக் குறைவாகப் பெற்றவர். கழிவு கலந்தவனுக்கும் கெட்ட நீரைக் குடித்தவனுக்கும் இடையே ஒரு நீதிமன்றமாவது நின்றது. கணினி நினைவகத்தின் அடிநீருக்கு எந்த மன்றம் உண்டு?

எனினும் எல்லாம் இருளன்று. லினக்ஸ் கருவில் 2007 முதல் கிடந்த மற்றொரு நினைவகக் குறை, 'டேர்ட்டி கௌ' என்ற பெயருடன் 2016 ஒக்டோபரில் அடைக்கப்பட்டது. அதனை அடைத்த லினஸ் டோர்வால்ட்ஸ், பதினோர் ஆண்டுகளுக்கு முன் தாமே இதனைத் திருத்த முயன்று செவ்வனே செய்யாமற்போனதையும், அத்திருத்தம் பின் நீக்கப்பட்டதையும் எல்லோரும் வாசிக்கத்தக்க குறிப்பிலேயே எழுதினார். எம் அலுவலகங்களில் எத்தனை அதிகாரிகள் தம் கோப்பில் இவ்வாறு எழுதுவர்? மெல்ட்டவுன் தந்த கசப்பின் பின், இரகசியமாகத் திருத்தவேண்டிய வன்பொருட் குறைகளை எவ்வாறு கையாள்வது, யாரைச் சேர்த்துக்கொள்வது என்ற நடைமுறையை லினக்ஸ் குழுவினர் 2019இல் எழுதிப் பகிரங்கப்படுத்தினர். இரகசியம் காப்பதற்கும் பகிரங்கமான விதி இருக்கலாம். எது மறைக்கப்பட்டது என்பது தெரியாதிருக்கலாம். எவ்வளவு காலம், யார் பொறுப்பில், எந்த முறையில் மறைக்கப்படும் என்பது தெரிந்திருக்க வேண்டும். எல்லார்க்கும் தெரிந்த விதியின்கீழ் காக்கப்படும் இரகசியத்தில் எளியவனுக்கும் பங்குண்டு.

நாம் கண்ட முடிவு இதுவே. பொட்டினைக் கண்டவன் உடையவனிடம் முதலிற் சொல்லட்டும்; அடைக்கக் காலம் கொடுக்கட்டும். ஆயின், அதே காற்றில் எத்தனை வேலிகள் சாய்ந்தனவோ அத்தனை பேருக்கும் சொல்லட்டும்; யாரிடம் பெரிய வளவு உண்டு என்று பார்த்துச் சொல்லாதிருக்கட்டும். காலம் முடிந்ததும் ஊருக்கு முழுமையாக உரைக்கட்டும். அடைப்பின் செலவு, பொட்டு விழக் காரணமானவன் மீதே முதலிற் சுமத்தப்படட்டும். இவற்றுள் கடைசியது இன்னும் எங்கும் நிறைவேறவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை.

இவ்வளவையும் சுருக்கி அந்த வகுப்பில் சொன்னோம். மாணவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்ப எங்களுக்கு ஆர் சேர் சொல்லுவினம்?" என்று கேட்டான். முதற்கேள்வியினும் இது கடினமானது. பெரிய வளவுக்காரரின் பட்டியலில் எம் பாடசாலையின் பெயர் என்றும் இராது. ஆதரவு முடிந்த பதினைந்து கணினிகளுக்கும் லினக்ஸ் இடலாமா என்று சக ஆசிரியர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கின்றார். அதனை இடும் நாளில் அம்மாணவனும் உடனிருக்க வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டுள்ளோம். வேலி அடைக்கும் முறையைக் கைப்பழக்கமாகக் கற்றவனுக்குப் பொட்டு எங்கே விழும் என்பது பிறர் சொல்லாமலும் ஓரளவு தெரியவரும்.